கடை முகப்பில் வண்டி மோதித் திருட்டு: ஷட்டரை மட்டும் நம்பலாமா?

கருங்கல் வியாபாரி:
எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் மெயின் ரோட்டில் மொபைலும் வீட்டு உபயோகப் பொருளும் விற்கும் கடை திறக்கப் போகிறேன். கட்டடம் தயார். முகப்பு 24 அடி அகலம், முழுக்கக் கண்ணாடி, வெளியே இரண்டு ஷட்டர். ரெண்டு ஓரத்திலும் கான்கிரீட் தூண் உண்டு. கடைத் தரையும் ரோடும் ஏறக்குறைய ஒரே மட்டம், படி கிடையாது. திருட்டு வண்டியை ரிவர்ஸில் விட்டு ஷட்டரை உடைத்து, ஒரு நிமிடத்தில் அள்ளிக்கொண்டு போகும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து இந்த முகப்பு சரிப்படுமா என்று யோசனையாக இருக்கிறது. ஷட்டர் தகட்டின் கனத்தைக் கூட்டினால் போதுமா? முன்னால் வண்டியை மறிக்கத் தூண் நட வேண்டுமா? எஸ்டிமேட் போட வந்தவர் "நாலு பைப்பை நட்டுவிடலாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சந்தேகப்பிராணி:
நம்ம ஊர்க் கள்ளனுக்குக் கார் எதற்கு அண்ணாச்சி? கடப்பாரை போதும். 2019 அக்டோபரில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்து நகைக்கடை, 2021 டிசம்பரில் வேலூர் நகைக்கடை, ரெண்டுமே சுவரைத் துளைத்து நடந்த திருட்டு. முன்னால் இருபது தூண் நட்டிருந்தாலும் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. முதலில் பின்சுவரைப் பாருங்கள், மொட்டை மாடிக் கதவைப் பாருங்கள். அப்புறம் ரோட்டுக்கு வரலாம்.

ஆக்லாந்து அருமனைக்காரன்:
அண்ணன் சொல்வது நகைக்கடைக்குச் சரி. மொபைல் கடை விஷயம் வேறு. நான் அருமனைக்காரன், இப்போது நியூசிலாந்தில் ஆக்லாந்தில் ஒரு மூலைக்கடையில் வேலை. 2021, 2022இல் இங்கே இந்த மோதல் திருட்டு திடீரென்று பெருகியது. செய்தவர்களில் நிறையப் பேர் பள்ளிக்கூட வயதுப் பையன்கள். பழைய சின்ன ஜப்பான் கார்களைத் திருடுவார்கள், நேராகக் கடைக்குள் விடுவார்கள், சிகரெட், வேப் என்னும் மின்சிகரெட், கல்லாப்பெட்டி எடுப்பார்கள், போய்விடுவார்கள். வரி ஏறி ஏறி இங்கே சிகரெட் பாக்கெட் தங்கம் விலை. அதனால்தான் அந்தக் குறி.

இதில் கவனிக்க வேண்டியது, மோதுகிற கார் அவனுடையது இல்லை. முன்பக்கம் நொறுங்கினாலும் அவனுக்கு நட்டம் கிடையாது. அலாரம் அடித்தாலும் கேமரா பார்த்தாலும் அவனுக்குக் கவலை இல்லை, போலீஸ் வருவதற்குள் வேலை முடிந்துவிடும். அரசாங்கமும் கடைசியில் கேமராவோடு நிற்காமல் தூண், ஷட்டர், புகைக் கருவி இவற்றுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. 2022 நவம்பரில் புகைக் கருவி வைக்கச் சின்னக் கடைகளுக்கு 4,000 நியூசிலாந்து டாலர் மானியம் அறிவித்தார்கள். கண்ணாடி உடைந்ததும் அந்தக் கருவி சில விநாடிகளில் கடை முழுக்க வெள்ளைப் புகையை அடித்து நிரப்பிவிடும். கை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. எடுக்க முடியாமல் போய்விடுவார்கள்.

ரிவர்ஸில் வருவதற்கும் காரணம் உண்டு. பின்பக்கம் இடித்தால் ரேடியேட்டரும் இன்ஜினும் தப்பிக்கும், அதே வண்டியில் ஓடிவிடலாம்.

கோட்டாறு இன்ஜினியர்:
நானும் கொஞ்சம் எழுதுகிறேன், நீளமாகப் போனால் மன்னிக்கவும்.

முதல் கேள்விக்குப் பதில்: தகட்டின் கனத்தைக் கூட்டுவதால் வண்டி நிற்காது. ஒன்றரை டன் கார் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் சுமார் 52 கிலோஜூல். அதே கார் 60இல் வந்தால் 208. வேகம் இரண்டு மடங்கானால் அடி நாலு மடங்கு. ஷட்டரைப் பிடித்து நிற்பது ஷட்டர் ஓரம் ஏறி இறங்கும் ரெண்டு பக்கத்து இரும்புத் தடமும் (கைடு சேனல்), செங்கல் சுவருக்குள் போன நாலைந்து போல்ட்டும்தான். தகடு கிழியவே வேண்டாம், நடுவில் வளைந்தாலே ஓரம் சேனலை விட்டு வெளியே வந்துவிடும். கனமான தகடு போட்டால் மொத்த ஷட்டரும் ஒரே துண்டாக உள்ளே விழும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே வண்டியை ஷட்டருக்கு வருமுன்னே நிறுத்த வேண்டும். கடை முகப்புக்கென்றே அமெரிக்காவில் ஒரு சோதனைத் தரம் இருக்கிறது, ஏஎஸ்டிஎம் எஃப்3016. சுமார் 2,270 கிலோ எடையுள்ள சோதனை வண்டியை மணிக்கு 16, 32, 48 கி.மீ. என்று மூன்று வேகத்தில் மோதவிட்டுப் பார்ப்பார்கள். தூணைத் தாண்டி ஓரடிக்குள் நின்றால் ஒரு தரம், நாலடிக்குள் நின்றால் அடுத்த தரம். இதிலிருந்தே ஒரு விஷயம் புரியும்: தேறிய தூண்கூடக் கொஞ்சம் உள்ளே விடும். கண்ணாடியை ஒட்டித் தூண் நட்டால் தூண் சாயாமலேயே கண்ணாடி போய்விடும். தூதரகங்களுக்குப் போடும் எம்30, எம்50 தூண்களை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அது ஆறே முக்கால் டன் லாரியை 48, 80 கி.மீ. வேகத்தில் நிறுத்தக் கணக்கிட்டது. மொபைல் கடைக்கு அது தேவையில்லை.

இடைவெளி: தூணுக்கும் தூணுக்கும் நடுவில் 1.2 மீட்டருக்கு மேல் விடக்கூடாது. ஆட்டோவின் அகலம் 1.3 மீட்டர், ஆல்டோ கார் ஒன்றரை மீட்டர். உங்கள் 24 அடி என்பது 7.3 மீட்டர். ஆறு அங்குலப் பைப் நாலு நட்டால் இடைவெளி 1.33 மீட்டர் வரும். ஆட்டோ உரசாமல் போய்விடும்! ஐந்து நட்டால் 1.08. எஸ்டிமேட்காரர் சொன்னதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பைப் ஆறு அங்குலம், சி கிளாஸ் என்னும் கனமான ரகம், தரைக்கு மேல் மூன்றேகால் அடி, உள்ளே கான்கிரீட். ஆனால் உள்ளே ஊற்றும் கான்கிரீட்டைவிடக் கீழே இருப்பதுதான் முக்கியம். நம்ம ஊரில் ஓரடி குழி தோண்டி, ஜல்லியைப் போட்டு, பெயிண்ட் அடித்து, ரிஃப்ளெக்டர் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதைப் பைக் மோதினாலே சாய்க்கலாம். குறைந்தது மூன்றடி ஆழம் வேண்டும். தனித்தனிக் குழியைவிட, முகப்பு நீளத்துக்கும் ஒரே பள்ளமாகத் தோண்டி, கம்பிக்கூடு கட்டி, ஐந்து தூணையும் ஒரே பீமில் சேர்த்து ஊற்றுவது மேல். ஒன்றில் அடி விழுந்தால் மற்ற நாலும் தாங்கும். வயலை நிரவிய இடம் என்றால் இது கட்டாயம். செம்மண், வெட்டுக்கல் பூமி என்றால் மண்ணே நன்றாகப் பிடிக்கும்.

உங்கள் கடைக்கு நேர் எதிரே என்ன இருக்கிறது? அதைச் சொல்லவில்லையே.

கருங்கல் வியாபாரி:
நேர் எதிரே ஒரு ஊர்ச்சாலை இறக்கமாக வந்து மெயின் ரோட்டில் சேர்கிறது சார்.

கோட்டாறு இன்ஜினியர்:
அப்படியானால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய விஷயம். ரோட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கும் கடை என்றால் வண்டி திரும்பித்தான் வர வேண்டும், வேகம் தானாகக் குறையும். எதிரே நேர்ச்சாலை, அதுவும் இறக்கம் என்றால் திருடனே வேண்டாம், பிரேக் பிடிக்காத டெம்போ ஒன்று போதும். கல்குளம், விளவங்கோடு பக்கம் இப்படி முக்கில் நிற்கும் கடைகள் ஏராளம். உண்மையைச் சொன்னால், நம்ம மாவட்டத்தில் தூண் நடுவதற்குத் திருட்டு இரண்டாவது காரணம்தான். தூக்கக் கலக்கத்தில் வருகிறவன், பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கிறவன், இவர்கள் பகலில் வருவார்கள், கடைக்குள் ஆள் இருக்கும்போது.

சந்தேகப்பிராணி:
விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரியையும் உங்கள் ஐந்து பைப் நிறுத்துமா சார்?

கோட்டாறு இன்ஜினியர்:
நிறுத்தாது. 28 டன் லாரி 40 கி.மீ. வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் மேலே 30 கி.மீ. வேகத்தில் சொன்ன காரைப்போல முப்பது மடங்குக்கு மேல். அதற்குக் கடைக்காரர் எதுவும் செய்ய முடியாது, அது ரோட்டையும் வேகத்தையும் கட்டுப்படுத்துகிறவர்களின் வேலை. நான் சொல்வது கார், ஜீப், சின்ன டெம்போ வரைக்கும்.

தக்கலை பட்டறை:
இருபது வருஷத்துக்கு மேலாக ஷட்டர் அடிக்கிறேன். இன்ஜினியர் சார் சொன்னதெல்லாம் சரி, ஆனால் எல்லாரும் மோதுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நம்ம நாட்டில் வண்டியை வைத்து இழுப்பதுதான் அதிகம். 2021இல் திருப்பூர் பக்கம் ஏடிஎம் மெஷினைக் கயிறு கட்டி வண்டியால் இழுத்துக் கொண்டுபோனார்கள். 2022இல் மகாராஷ்டிரா சாங்லி மாவட்டத்தில் ஜேசிபியை விட்டு மெஷினையே பெயர்த்தார்கள், அந்த வீடியோ எல்லார் போனுக்கும் வந்தது. தூணுக்கும் தூணுக்கும் நடுவில் மூன்றரை அடி இருந்தால் கயிறு தாராளமாகப் போகும். வண்டி ரோட்டிலேயே நிற்கும், ஷட்டர் அதைத் தேடிப் போகும்.

நான் செய்து தருவது இப்படி. கைடு சேனல் சாதாரணமாகப் போடுவதைவிட ஆழமாக இருக்க வேண்டும், அப்போதுதான் தகடு வளைந்தாலும் ஓரம் உடனே வெளியே வராது. சேனலைச் செங்கல்லில் போல்ட் அடிக்கக்கூடாது, கான்கிரீட் தூணில் பசை ஊற்றி இறுக்கும் கெமிக்கல் போல்ட், இல்லாவிட்டால் தூணுக்குள் பதித்த தகட்டில் வெல்டிங். அடிப்பட்டைக்கு நடுவில் ஒரு பூட்டு மட்டும் போட்டால் அங்கே கடப்பாரை வைத்து நெம்பினால் முடிந்தது. இரண்டு ஓரத்திலும் பூட்டு வேண்டும், அது தரையில் பதித்த இரும்புக்குள் இறங்க வேண்டும். கொக்கி மாட்ட வசதியாக வெளியே பெரிய கைப்பிடி, வளையம் எதுவும் வைக்காதீர்கள்.

அப்புறம் உள்ளே ஒரு கொலாப்சிபிள் கேட், மடக்கி விரிக்கும் இரும்புக் கதவு. கண்ணாடிக்கு உள்பக்கம், மேலும் கீழும் பதித்தது. ஷட்டர் போனாலும் அவன் இறங்கி இன்னொன்றை அறுக்க வேண்டும். அந்த ரெண்டு மூன்று நிமிடம்தான் நமக்கு லாபம்.

சொல்லப்போனால் பழைய கடைகள் கெட்டிக்காரத்தனமாகக் கட்டியவை. கோட்டாறு, வடசேரிப் பழைய கடைத்தெருவில் பார்த்தால் தெரியும். இடுப்பளவு கருங்கல் திண்ணை, மேலே ஒவ்வொன்றாகச் செருகி மூடும் நிரைப்பலகை. அந்தத் திண்ணையில் எந்தக் கார் ஏறும்? இப்போது எல்லாருக்கும் கண்ணாடி, கிரானைட், பைக் உள்ளே வரைக்கும் வர வேண்டும்.

குழித்துறை வாசகி:
திண்ணையைப் புகழ்கிறீர்கள், அந்தத் திண்ணையில் என் அம்மா ஒருநாளும் ஏறியதில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் வெளியே நின்றுதான் சாமான் வாங்கினார்கள். தரை மட்டத்தில் கடை இருப்பது எங்களுக்குப் பெரிய நிம்மதி. தூண் நடுவதில் ஆட்சேபம் இல்லை, நடுவே 90 செ.மீ. சுத்தமாக விடுங்கள். 1.08 மீட்டர் என்று இன்ஜினியர் சார் சொன்னது நன்றாகவே போதும். ஆனால் விளம்பர போர்டு, பூந்தொட்டி, ஆஃபர் ஸ்டாண்டு எல்லாவற்றையும் அந்த இடைவெளியிலேயே கொண்டுவந்து வைப்பீர்களே, அதை யார் பார்ப்பது? தூணில் வெளிச்சமான பட்டையும் ஒட்டுங்கள், இருட்டில் பார்வை குறைந்தவர்கள் முட்டிக்கொள்வார்கள்.

இன்னொன்று. தூணை எங்கே நடுகிறீர்கள்? மார்த்தாண்டத்தில் பாதி நடைபாதை ஏற்கெனவே கடைகளின் ஷெட்டுக்குள் போய்விட்டது.

கோட்டாறு இன்ஜினியர்:
அம்மா கேட்டது நியாயம். தூண் உங்கள் பட்டா எல்லைக்குள் மட்டும்தான். நெடுஞ்சாலைத் துறையின் எல்லைக் கல் எங்கே என்று அளந்து பாருங்கள், ரோட்டோரத்துக் காலி இடம் முழுக்க நம்முடையது என்று எண்ணம் வேண்டாம். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரும் பழைய 47, இப்போதைய 66 மாதிரி தேசிய நெடுஞ்சாலை என்றால் 2002ஆம் ஆண்டு சட்டப்படி அனுமதியில்லாமல் நெடுஞ்சாலை நிலத்தில் எதுவும் வைக்க முடியாது, எடுத்துப்போட்டு அந்தச் செலவையும் உங்களிடமே வசூலிப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், ரோட்டு நிலத்தில் நீங்கள் நட்ட தூணில் ஒரு பைக்காரர் விழுந்து அடிபட்டால் வழக்கு உங்கள் தலையில்.

கருங்கல் வியாபாரி:
கண்ணாடிக்கு முன்னால் என் எல்லைக்குள் ஐந்தடி இருக்கிறது. குழி வேண்டாம், கான்கிரீட் பூந்தொட்டி வரிசையாக வைத்தால் அழகாகவும் இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். கனமானதுதானே?

கோட்டாறு இன்ஜினியர்:
ஐந்தடி என்றால் எல்லையை ஒட்டி உள்பக்கம் தூண் நடலாம், கண்ணாடிக்கு நாலடிக்கு மேல் கிடைக்கும். நல்ல இடம்.

சும்மா வைத்த தொட்டி வழுக்கும். ஒன்றரை டன் தொட்டியில் ஒன்றரை டன் கார் 30 கி.மீ. வேகத்தில் மோதினால் ரெண்டும் சேர்ந்து மூன்று மீட்டருக்கு மேல் நகரலாம். அப்போது கார் ஒன்று, தொட்டி ஒன்று என இரண்டுமே கடைக்குள் வரும். கீழே கம்பி விட்டுத் தரையோடு பிணைத்தால்தான் தொட்டிக்கு மதிப்பு. வீட்டில் ஆசைப்பட்டால் ரெண்டு ஓரத்தில் தூணுக்கு உள்பக்கமாக வையுங்கள், வாசகி அம்மாவின் வழியை மறைக்காமல்.

கண்ணாடியையும் கவனியுங்கள். 12 மி.மீ. டஃபன்டு (சூடாக்கி உறுதியேற்றிய) கண்ணாடி ஓரிடத்தில் உடைந்தால் முழுக்கப் பொடியாகி வாசல் திறந்துவிடும். லேமினேட் செய்தது உடைந்தாலும் நடுவே இருக்கும் படலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

மார்த்தாண்டம் பாலிசி:
இன்சூரன்ஸ் பக்கம் நான் சொல்கிறேன். பேங்க் லோனுக்காக எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு "எல்லாம் கவர் ஆகும்" என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து கோடி வரை சொத்துள்ள தொழிலுக்கு 2021 ஏப்ரலிலிருந்து பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி இருக்கிறது. அதில் வண்டி மோதிக் கட்டடம் சேதமானால் கிடைக்கும். மோதலைத் தொடர்ந்து ஏழு நாளுக்குள் நடந்த திருட்டுக்கும் இடம் உண்டு. ஆனால் பூட்டை உடைத்துச் சரக்கை எடுத்துப்போவதற்குத் தனியாக பர்க்ளரி பாலிசி வேண்டும். வண்டியை விட்டு இடித்ததே திருடத்தான் என்னும்போது இது விபத்தா, திருட்டா, வேண்டுமென்றே செய்த நாசமா என்று கம்பெனியில் இழுத்தடிப்பார்கள். ரெண்டும் ஒரே கம்பெனியில் இருந்தால் இழுபறி குறையும். எஃப்.ஐ.ஆர்., சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்வரை கலைக்காத இடம், ஸ்டாக் கணக்கு, மூன்றும் கட்டாயம். ஸ்டாக் கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது, கம்ப்யூட்டரையும் தூக்கிப்போய்விட்டான் என்றால் என்ன செய்வீர்கள்? வெளியே ஒரு நகல் வையுங்கள்.

பிரேக் பிடிக்காமல் யாராவது உள்ளே வந்தால் அவர்கள் வண்டியின் தேர்ட் பார்ட்டி பாலிசியில் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை வழியுண்டு. ஸ்பாட்டில் ஐயாயிரம் பத்தாயிரம் வாங்கிக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

நகைக்கடைக்காரர்கள் யாராவது படித்தால்: ராத்திரி ஷோகேஸில் விட்ட நகைக்குப் பொதுவாகப் பணம் வராது. பூட்டிய சேஃபுக்குள் இருந்தால்தான்.

சந்தேகப்பிராணி:
கடைசி வரிக்காகப் பாலிசி அக்காவுக்கு ஒரு கும்பிடு. நான் ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்கிறேன். அண்ணாச்சி, ராத்திரி விலை கூடிய போன்களை எங்கே வைப்பீர்கள்?

கருங்கல் வியாபாரி:
ஷோகேஸில் இருப்பது பெரும்பாலும் டம்மி. பெட்டியோடு இருக்கும் போன்கள் கவுண்டருக்குப் பின்னால் மர அலமாரியில்.

சந்தேகப்பிராணி:
அந்த அலமாரியைப் பின் அறைக்கு மாற்றி, இரும்பில் செய்து, தரையோடு போல்ட் போடுங்கள். மொத்தத் திட்டத்திலும் செலவு குறைந்தது இதுதான். ராத்திரி முன்னால் இருக்கும் டம்மி வெறும் டம்மி என்று தெரியும்படி, காலி ஸ்டாண்டு தெரிய ஒரு லைட்டும் எரியட்டும். கல்லாவை இழுத்துத் திறந்தபடி விடுங்கள். எடுக்க ஒன்றுமில்லாத கடையில் யார் வண்டியை மோதுவான்?

ஆக்லாந்து அருமனைக்காரன்:
இங்கேயும் திறந்த கல்லாதான். ஆனால் மோதுகிற பையன் பார்த்துவிட்டுத்தான் மோதுவான் என்று எதிர்பார்க்காதீர்கள் அண்ணே. முன்கூட்டியே வந்து பார்க்கிறவன் பார்ப்பான். சும்மா வேகத்துக்காக வருகிறவன் எதையும் பார்ப்பதில்லை. இரும்பு அலமாரியும் வேண்டும், தூணும் வேண்டும். புகைக் கருவி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தக்கலை பட்டறை:
எனக்கும் அதே அபிப்பிராயம். பணம் குறைவு என்றால் அலமாரி, அப்புறம் ஷட்டர் பூட்டு, அப்புறம் தூண் என்று போகலாம். ஆனால் அண்ணாச்சிக்கு எதிரே இறக்கம் இருக்கிறது, அதனால் தூணை ஒத்திப்போட முடியாது. தரைக்கல் பதிக்கும் முன் செய்தால் பாதிச் செலவு மிச்சம். பதித்த பிறகு உடைத்துச் செய்ய யாருக்கும் மனசு வராது.

கருங்கல் வியாபாரி:
எல்லாருக்கும் நன்றி. ஐந்து தூண், ஒரே பீம், உள்ளே கொலாப்சிபிள், பின் அறையில் இரும்பு அலமாரி என்று முடிவு செய்திருக்கிறேன். பின்சுவரையும் மொட்டை மாடிக் கதவையும் சந்தேகப்பிராணி அண்ணனுக்காகப் பார்த்துவிட்டேன், கதவை மாற்ற வேண்டும். ஒரே ஒரு சந்தேகம்: ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் லோடு வரும்போது வண்டி கடை வாசல் வரை வர வேண்டுமே. நடுத்தூணை மட்டும் பூட்டோடு கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யலாமா?

கோட்டாறு இன்ஜினியர்:
வேண்டாம். கழற்றும் தூண் தரையில் பதித்த குழாய்க்குள் நிற்பது, நிலையான தூணளவு தாங்காது. உங்களுக்கு எதிரே வரும் இறக்கத்துக்கு நேராக நிற்கப்போவதும் நடுத்தூண்தான். தவிர பையன்கள் ஒருநாள் கழற்றினால் அப்புறம் மாட்டவே மாட்டார்கள். பெரிய டபுள் டோர் ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியோடு ஒரு மீட்டருக்குள்தான் வரும். வண்டியை எல்லையில் நிறுத்தி டிராலியில் தள்ளிக்கொண்டு போங்கள்.

தக்கலை பட்டறை:
பைப்பை வெறும் பெயிண்டோடு விடாதீர்கள், சூடான துத்தநாகக் குளியல் போட்டதாக வாங்குங்கள். குளச்சல் கடல் காற்று உங்கள் ஊர் வரை வரும். துரு பிடிப்பது எப்போதும் தரையைத் தொடும் இடத்தில்தான், தண்ணீர் தேங்காமல் அந்த இடத்தில் கான்கிரீட்டைக் கொஞ்சம் சரிவாக ஏற்றி விடச் சொல்லுங்கள். பள்ளம் தோண்டும் முன் குடிதண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பேரூராட்சியில் கேட்டுவிடுங்கள். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் குழிக்குள் நின்று வேலை பார்க்க ஆள் கிடைக்காது அண்ணாச்சி, அதற்குள் ஊற்றி முடித்துவிடுங்கள்.